விருப்பப் படிவம்

பேனா மை உறைந்துவிடும் என்று
பென்சில் கொடுத்தனுப்பினார்கள்.
இரண்டு பெட்டி பென்சில், இருநூறு படிவம்.
நாரின் ஆற்றை ஒட்டி ஏறும் சிறு பேருந்தில்
எனக்கும் ஒரு செம்மறிக்கும் சேர்த்து ஒரே இருக்கை.

இளைஞர் பயிற்சி மையம் என்பது
பழைய பள்ளியின் இடப்பக்கம், நான்கு அறை.
ஒன்றில் பன்னிரண்டு கணினி, மூன்றுக்குத்தான் உயிர்.
ஒன்றில் தையல் இயந்திரங்கள், மேலே பிளாஸ்டிக் விரிப்பு,
விரிப்பின் மேல் பொடிப்பனி.
கூடத்தில் கூடைப்பந்து வளையம் உண்டு.
உயர்த்தி எறிந்தால் பந்து கூரையில் இடிக்கும் என்பதால்
அந்த ஊர்ப் பையன்கள் எல்லோரும்
தட்டையாக எறியப் பழகியிருந்தார்கள்.
மாவட்டப் போட்டியில் ஏன் தோற்றோம் என்று
அவர்களுக்கு இன்னும் புரியவில்லையாம்.
கடைசி அறை வெல்டிங் பட்டறை.

மிகவும் பிடிக்கும், பிடிக்கும்,
பிடிக்காது, கருத்து இல்லை.
நான்கு கட்டம். ஒன்றில் குறியிட வேண்டும்.

எர்மெக், பதினேழு வயது,
இருபத்தாறு கேள்விக்கும் கருத்து இல்லை என்றான்.
பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்:
இப்படிக் கேட்டுக்கொண்டே போக
உங்களுக்கு மாதம் எவ்வளவு தருகிறார்கள்?
சொன்னேன்.
அந்தப் பயிற்சி இங்கே உண்டா என்றான்.

சைக்கலின் அம்மா பக்கத்திலேயே நின்றாள்.
தையல், மிகவும் பிடிக்கும்.
சமையல், மிகவும் பிடிக்கும்.
மறுநாள் பாலத்தருகே என்னை மறித்து
அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டாள் சைக்கல்.
கையுறையைக் கழற்றி, விரல் சிவக்கச் சிவக்க
அழிப்பானால் தேய்த்தாள்.
லாரி ஓட்டுவது என்று ஓரத்தில் எழுதினாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஒன்பது பெண்கள்.
ஆறு மணிக்குப் பிறகு ஒரு பேருந்து என்று முப்பத்தொருவர்.
மாஸ்கோவில் அண்ணன் செய்யும் வேலை
எதுவோ அது, என்று ஒருவன்.
அண்ணன் என்ன செய்கிறான்?
தெரியாது, பணம் வருகிறது.

இருநூறில் நூற்று நாற்பத்து மூன்று பேர்
வெல்டிங் என்று குறித்திருந்தார்கள்.
ஆணும் பெண்ணும். தீப்பொறிக்குப் பயந்தவர்களும்.
கண்ணாடி போட்ட ஜானில், கவிதை எழுதுகிறவள்,
அவளும் வெல்டிங்.
மூன்றாம் நாள் விரல் மரத்துப்போய்
நானே அந்த அறைக்குள் ஒதுங்கியபோதுதான் பார்த்தேன்,
மூலையில் நிலக்கரி அடுப்பு.
மொத்தக் கட்டடத்துக்கும் அது ஒன்றுதான்.
அதைச் சுற்றிப் பதினெட்டுப் பேர்.
யார் கையிலும் இரும்பு இல்லை.
ஒருத்தி ஆங்கிலம் மனப்பாடம் செய்கிறாள்,
இருவர் சதுரங்கம்,
ஒருவன் காலுறையை உலர்த்துகிறான்,
ஜானில் எதையோ எழுதி மறைக்கிறாள்.

தலைநகரில் என் அறிக்கையைப் படித்தார்கள்.
இளைஞரின் நாட்டம் தெளிவாக உள்ளது என்றார்கள்.
அடுப்பைப் பற்றி அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன்.
தலைமை வகித்தவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
இது எத்தனையாவது கேள்விக்கு விடை?

நான் கையிலிருந்த படிவத்தைப் புரட்டினேன்.
முன்னும் பின்னும்.
அவர் பொறுமையாகத்தான் காத்திருந்தார்,
அதைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் வந்து இறங்கின
முப்பது வெல்டிங் இயந்திரங்கள், புத்தம் புதியவை,
நீல நிறம்.
சைக்கல் படம் அனுப்பியிருந்தாள்.
அறையில் இடம் போதவில்லையாம்.

எர்மெக்குக்கு இரண்டு நாள் கூலி கிடைத்ததாம்.
மையம் அவனுக்குக் கொடுத்த முதல் வேலை:
நான்கு பேராகச் சேர்ந்து
அடுப்பைத் தூக்கி
வெளியே வைத்தது.